எக்ஸ்சி95144எக்ஸ்எல் நின்றுபோச்சு: எட்டு என்கோடர், 5 வோல்ட் பஸ் உள்ள கார்டுக்கு இனி எந்தச் சிப்?

கோவை_மோஷன்:

வணக்கம். நூற்பாலை இயந்திரத்துக்கான இன்புட் அவுட்புட் கார்டு ஒன்றைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன், சிப் தேர்வில் வந்து நிற்கிறது. பழைய கார்டில் இரண்டு எக்ஸ்சி95144எக்ஸ்எல் (சி.பி.எல்.டி., நமக்கு வேண்டிய லாஜிக்கை எழுதிக்கொள்ளும் சின்னச் சிப்) உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு என்கோடரை (மோட்டார் சுற்றுவதைப் பல்ஸாகத் தரும் சென்சார்) பார்த்துக்கொள்ளும். 2024 தொடக்கத்தில் ஏஎம்டி இந்த 9500எக்ஸ்எல் குடும்பத்தோடு கூல்ரன்னர், ஸ்பார்ட்டன் 2, ஸ்பார்ட்டன் 3 எல்லாவற்றையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அப்போது வாங்கி வைத்த சரக்கு தீரப்போகிறது.

புதுக் கார்டில் எட்டு என்கோடர், ஒவ்வொன்றுக்கும் 32 பிட் கவுண்டர். 24 வோல்ட் இன்புட் 24, அவுட்புட் 16, எல்லாம் ஆப்டோகப்ளர் (ஒளி மூலம் சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் சிப்) வழியாக. இதைப் படிக்கும் கன்ட்ரோலர் கார்டை மாற்ற முடியாது, மில்களில் ஏற்கெனவே ஓடுவது அதுதான். அது 5 வோல்ட், 8 பிட் பேரலல் பஸ்ஸில் பேசும். ரீட் கொடுத்த 200 நானோ செகண்டுக்குள் டேட்டா பஸ்ஸில் இருக்க வேண்டும். என் பட்டியலில் லாட்டிஸ் மாக் எக்ஸ்ஓ2, ஆல்ட்டெரா மேக்ஸ் 10, ஏஎம்டி ஸ்பார்ட்டன் 7 மூன்றும் இருக்கின்றன. எல்.யூ.டி. (சிப்புக்குள் இருக்கும் அடிப்படை லாஜிக் துண்டு) எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தும் எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியவில்லை. இந்த மாதிரி கார்டை வருடக்கணக்கில் பராமரித்தவர்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்?

பின்_கணக்கு:

முதலில் ஒரு கேள்வி, இதற்கு லாஜிக் சிப் தேவைதானா? என்கோடர் எத்தனை பல்ஸ், மோட்டார் எவ்வளவு வேகம்? எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் எடுத்தால் அதில் ஆறு டைமர்களுக்கு என்கோடர் மோடு ஹார்டுவேரிலேயே இருக்கிறது, மென்பொருள் எழுதுகிற ஆட்களும் எளிதாகக் கிடைப்பார்கள்.

கோவை_மோஷன்:

சுற்றுக்கு 2500 பல்ஸ், அதிகபட்சம் 3000 ஆர்பிஎம். அதாவது ஒரு சேனலில் 125 கிலோ ஹெர்ட்ஸ், நான்கு மடங்காக எண்ணினால் நொடிக்கு 5 லட்சம் எண்ணிக்கை, அப்படி எட்டு. ஆறு டைமர் போதாது, இரண்டு கன்ட்ரோலர் போட வேண்டி வரும். எண்ணுவதைக்கூடச் சமாளித்துவிடலாம், பஸ்தான் பிரச்சினை. ரீட் ஸ்ட்ரோப் (படிக்கச் சொல்லும் சிக்னல்) வந்து 200 நானோ செகண்டுக்குள் இன்ட்டரப்டில் நுழைந்து, முகவரியைப் பார்த்து, டேட்டாவை வெளியே வைப்பதை மைக்ரோகன்ட்ரோலரில் ஒவ்வொரு முறையும் தவறாமல் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

பின்_கணக்கு:

சரி, அப்படியென்றால் லாஜிக் சிப்தான், என் கேள்வியை விட்டுவிடுங்கள். ஸ்பார்ட்டன் 7ஐ இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அது நல்ல சிப், 7 சீரிஸ் குடும்பத்தை இன்னும் நீண்ட காலம் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் அது பிஜிஏ (சிப்பின் அடியில் சோல்டர் உருண்டைகள் உள்ள) பேக்கேஜில் மட்டும்தான் வருகிறது, கால் வைத்த பேக்கேஜே கிடையாது. கோருக்கு 1.0 வோல்ட், ஆக்ஸிலரிக்கு 1.8 வோல்ட், அப்புறம் பின் பேங்குகளுக்கு 3.3 என்று தனித்தனி சப்ளை, வெளியே ஒரு ஃபிளாஷ் சிப் வேறு. எட்டு கவுண்டருக்காக இவ்வளவையும் சுமப்பதில் அர்த்தமில்லை. கார்டு பழுதாகித் திரும்பி வந்தால் உங்கள் சர்வீஸ் பெஞ்சில் சோல்டரிங் அயர்னும் லென்ஸும் வைத்து வேலை செய்கிறவர் பிஜிஏவை என்ன செய்வார்? 0.5 மி.மீ. இடைவெளியுள்ள டிக்யூஎஃப்பி 144 (நான்கு ஓரத்திலும் கால் உள்ள 144 பின் பேக்கேஜ்) என்றால் கண்ணால் பார்த்தே சோல்டர் பிரிட்ஜைக் கண்டுபிடித்துவிடலாம்.

பின் கணக்கையும் போட்டுவிடுகிறேன். என்கோடர் ஒன்றுக்கு மூன்று வீதம் 24, இன்புட் அவுட்புட் 40, பஸ்ஸுக்கு டேட்டா 8, முகவரி 8, செலக்ட், ரீட், ரைட், ரீசெட் என்று 20. இதுவரை 84. கிளாக், வாட்ச்டாக், பஃபர் திசை, எல்இடி சேர்த்தால் தொண்ணூறைத் தொடும். மாக் எக்ஸ்ஓ2-1200 நூறு பின் பேக்கேஜில் 79தான் தருகிறது, போதாது. 144 பின்னில் 107 தருகிறது. மேக்ஸ் 10ல் 10எம்08 அதே அளவில் 101. இரண்டுமே பொருந்தும்.

திருப்பூர்_சர்வீஸ்:

இவ்வளவு மாற்றம் எதற்கு? 95144எக்ஸ்எல் இன்னும் வெளிச் சந்தையில் கிடைக்கிறதே. பழைய டிசைனையே நான்கு சிப்பாகப் போட்டால் புரோகிராமை மாற்ற வேண்டியதில்லை. அல்லது மைக்ரோசிப்பின் ஏடிஎஃப்1508ஏஎஸ் பாருங்கள், 5 வோல்ட்டிலேயே ஓடும், லெவல் மாற்றும் வேலையே இல்லை.

பழைய_சிலிக்கான்:

தம்பி, ஏடிஎஃப்1508 நான் மதிக்கிற சிப். பழைய ஆல்ட்டெரா இபிஎம்7128எஸ் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும், மேக்ஸ் 7000க்கு கம்பைல் செய்த ஃபைலையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பழைய கார்டைப் பழுது பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதில் இருப்பது 128 மேக்ரோசெல், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிளிப் ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று). எட்டு என்கோடருக்கு 32 பிட் என்றால் கவுண்டருக்கு மட்டுமே 256 ஃபிளிப் ஃபிளாப் வேண்டும். ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடுகிறது.

வெளிச் சந்தைச் சரக்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். நிறுத்தப்பட்ட சிப் என்றால்தான் மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு எண் அச்சடிக்கும் வேலை அதிகம் நடக்கிறது. ஒரு இடைத்தரகரிடம் நாங்கள் வாங்கிய ஒரு தொகுதியில் மேலே இண்டஸ்ட்ரியல் கிரேடு என்று போட்டிருந்தது, ஜேடேக் (சிப்பைப் புரோகிராம் செய்யவும் சோதிக்கவும் உள்ள இணைப்பு) ஐடியைப் படித்தால் சிப்பே வேறு. ஐடி பொருந்தாத அளவுக்கு மோசமாக இருந்ததால் பிடிபட்டது. கமர்ஷியல் கிரேடை இண்டஸ்ட்ரியல் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தால் ஐடி ஒன்றேதான் இருக்கும், யாராலும் மேஜையில் கண்டுபிடிக்க முடியாது, மில்லுக்குள் போன பிறகுதான் தெரியும். புதிதாக வரைகிற கார்டை அந்தச் சரக்கை நம்பி வரையாதீர்கள்.

கோவை_மோஷன், உங்கள் ஷீட்டில் விலை, எல்.யூ.டி. என்று இருக்கிறது. நான் பார்ப்பது வேறு. கரண்ட் வந்த நொடியிலிருந்து சிப் தயாராகும்வரை ஒவ்வொரு பின்னும் என்ன நிலையில் நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மற்றதை ஒப்பிடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் 16 அவுட்புட்டின் மறுமுனையில் சோலனாய்டு, கிளட்ச், சிலிண்டர் எல்லாம் இருக்கும். மில்லில் கரண்ட் போய் வருவது சாதாரணம், அந்த நேரத்தில் அறுந்த நூலை இணைக்க ஒரு பெண் கையை உள்ளே விட்டிருக்கலாம். அந்தச் சில மில்லி செகண்டில் ஒரு வால்வு துடிக்கக் கூடாது.

கோவை_மோஷன்:

இதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி அண்ணா. மாக் எக்ஸ்ஓ2 டேட்டாஷீட்டில் கான்ஃபிகரேஷன் (சிப் தன் புரோகிராமை ஏற்றிக்கொள்வது) முடியும்வரை பின்கள் ஹை இம்பீடன்ஸில் (எதையும் ஓட்டாமல்), வீக் புல் டவுனோடு (பின்னை லேசாக லோவுக்கு இழுப்பது; புல் அப் ஹைக்கு இழுப்பது) இருக்கும் என்று இருக்கிறது. மேக்ஸ் 10ல் வீக் புல் அப். எங்கள் அவுட்புட் ஆக்டிவ் ஹை (சிக்னல் ஹை ஆனால் இயங்கும்). அப்படியென்றால் மாக் எக்ஸ்ஓ2 தானாகவே பாதுகாப்பு, மேக்ஸ் 10 ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய_சிலிக்கான்:

கூடாது. சிப்புக்குள் இருக்கும் புல் டவுனை நம்பி ஒரு மில் இயந்திரத்தை நிறுத்தி வைக்க முடியாது. 3.3 வோல்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே எதுவும் விழித்திருக்காது, அந்த நேரத்தில் அந்த புல் டவுனும் இல்லை. இதில் 24 வோல்ட் ஏற்கெனவே வந்து நிற்கும்.

அவுட்புட் 16ஐயும் நேராக ஆப்டோவுக்கு அனுப்பாமல் இடையில் இரண்டு 541 பஃபர் வையுங்கள். அந்தப் பஃபரின் அவுட்புட் எனேபிள் ஆக்டிவ் லோ, அதை ரெசிஸ்டர் போட்டு 3.3க்கு இழுத்து வைத்தால் பஃபர் மூடியே இருக்கும். சிப் கான்ஃபிகர் ஆகி, கன்ட்ரோலரிடமிருந்து ஹார்ட்பீட் (ஓடிக்கொண்டிருக்கிறேன் என்ற சிக்னல்) வந்து, அதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் சரி என்ற பிறகுதான் சிப் அந்த எனேபிளை லோ ஆக்க வேண்டும். பஃபருக்கு அப்பால் ஆப்டோ பக்கத்தில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புல் டவுன்.

இப்போது கவனியுங்கள். எனேபிள் ஆக்டிவ் லோ என்பதால், நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்த அதே வீக் புல் டவுன் இந்தப் பின்னில் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. மாக் எக்ஸ்ஓ2வின் உள் புல் டவுன் சுமார் 300 மைக்ரோ ஆம்பியர் வரை இழுக்கலாம். கை பழக்கத்தில் 4.7 கிலோ ஓம் போட்டால் 1.4 வோல்ட் அதிலேயே விழுந்துவிடும், மிச்சம் 1.9. பஃபர் ஹை என்று ஏற்க 2.0 வேண்டும். வீட்டு மேஜையில் வைத்துப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் சராசரிச் சிப் அவ்வளவு இழுக்காது. 1 கிலோ ஓம் போடுங்கள், 0.3 வோல்ட்தான் விழும். மேக்ஸ் 10 எடுத்தாலும் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும், அங்கே உள் புல் அப்பின் குறைந்தபட்ச மதிப்பை எடுத்துக்கொண்டு. டிபிகல் என்ற பத்தியைப் பார்க்கவே வேண்டாம்.

லாஜிக்_கலை:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த இரண்டு சிப்பிலும் ஃபிளாஷ் உள்ளேயே இருந்தாலும் ஓடுவது எஸ்ரேமிலிருந்துதான் (கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகம்), பவர் வந்ததும் ஃபிளாஷிலிருந்து அங்கே காப்பி ஆகிறது. சில மில்லி செகண்டில் முடிந்துவிடும், ஆனால் பூஜ்யம் இல்லை. உங்கள் கன்ட்ரோலர் ரீசெட்டிலிருந்து வெளியே வந்து முதல் ரீட் செய்வதற்குள் இது தயாரா என்று பாருங்கள். ஃபிளாஷ் செல்லே நேரடியாக லாஜிக்கைப் பிடித்து வைத்திருக்கும் வகை வேண்டுமென்றால் மைக்ரோசிப்பின் இக்லூ2 இருக்கிறது, அதற்கு 1.2 வோல்ட் கோர் சப்ளை தனியாகத் தர வேண்டும். உங்கள் கார்டுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது புரோகிராம் பற்றி. பழைய சி.பி.எல்.டி. டிசைன் யார் எழுதியது? பெரும்பாலும் ரைட் ஸ்ட்ரோபையே கிளாக்காக வைத்து ரெஜிஸ்டரில் எழுதியிருப்பார்கள், சி.பி.எல்.டி.யில் பின்னுக்குப் பின் டிலே நிலையாக இருக்கும் என்பதால் அது ஓடும். அதை அப்படியே மாக் எக்ஸ்ஓ2வில் கம்பைல் செய்தால் எரர் எதுவும் வராது, ஆனால் பஸ்ஸில் ஒரு ரிங்கிங் வந்தால் இரண்டு தடவை எழுதும், ஒவ்வொரு கம்பைலுக்கும் டைமிங் மாறும். எல்லாவற்றையும் 50 மெகா ஹெர்ட்ஸ் ஒரே கிளாக்கில் கொண்டுவாருங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சிக்னலும் இரண்டு ஃபிளிப் ஃபிளாப் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ரீட் ஸ்ட்ரோபை ஒத்திசைத்து டேட்டாவைத் தர மூன்று கிளாக், அதாவது 60 நானோ செகண்ட். பஃபர் டிலே சேர்த்தாலும் 200க்குள் தாராளமாக இருக்கிறீர்கள்.

கோவை_மோஷன்:

ரைட் ஸ்ட்ரோப் கிளாக்தான் மேடம், சரியாகச் சொன்னீர்கள். ஐஎஸ்இ என்ற பழைய டூலில் ஸ்கீமாட்டிக் வரைந்தது, எழுதியவர் இப்போது இங்கே இல்லை. வெரிலாக் மொழியில் முழுவதும் திருப்பி எழுதப் போகிறேன். 1200 எல்.யூ.டி. போதுமா?

லாஜிக்_கலை:

எண்ணிப் பார்ப்போம். கவுண்டர் 256. ஒரு என்கோடரின் நான்கு பைட்டையும் தனித்தனியாகப் படிக்கும்போது நடுவில் எண் மாறக் கூடாது, அதனால் முதல் பைட்டைப் படிக்கும்போதே 32 பிட்டையும் லாட்ச் செய்ய வேண்டும். எட்டுக்கும் தனி லாட்ச் வைத்தால் இன்னொரு 256 ஃபிளிப் ஃபிளாப். 24 சிக்னலுக்கு ஃபில்டர் சுமார் 150. இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. மறந்துவிடுவது ரீட் மக்ஸ். எட்டு என்கோடரின் 32 பைட்டோடு இன்புட், ஸ்டேட்டஸ், இண்டெக்ஸ் பதிவு எல்லாம் சேர்ந்தால் 64 பைட்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ், அதுவும் எட்டு பிட்டுக்கு. நாலு இன்புட் எல்.யூ.டி.யில் அது மட்டும் நானூறு ஐநூறைத் தின்னும். 1200ல் அடைத்துவிடலாம், ஆனால் அடுத்த வருடம் ஒரு வசதி கேட்டால் இடம் இருக்காது. 2000 எடுங்கள், 2112 எல்.யூ.டி. 1200, 2000, 4000, 7000 நான்கும் டிக்யூஎஃப்பி 144ல் வருகின்றன. பின் பட்டியலை ஒப்பிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவான பின்களை மட்டும் பயன்படுத்தினால் ஒரே போர்டில் எதையும் உட்கார வைக்கலாம். 2021, 22ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஒரு அளவு கிடைக்காமல் அடுத்த அளவு கிடைத்தவர்கள் தப்பித்தது இந்த வழியில்தான்.

ஃபில்டரை 50 மெகா ஹெர்ட்ஸில் மூன்று சாம்பிள் என்று வைக்காதீர்கள், 60 நானோ செகண்ட் ஃபில்டர் இன்வெர்ட்டர் பக்கத்தில் ஓடும் கேபிளுக்கு எந்தப் பயனும் தராது. உங்களுக்கு இரண்டு எட்ஜுக்கு நடுவே 2 மைக்ரோ செகண்ட் இருக்கிறது. 10 மெகா ஹெர்ட்ஸில் மூன்று சாம்பிள், 300 நானோ செகண்ட், நன்றாக இருக்கும்.

சிலிக்கான்_தேடி:

யாருமே கோவின் கம்பெனிச் சிப் பற்றிப் பேசவில்லையே? ஜிடபிள்யூ1என்-9ல் 8640 எல்.யூ.டி., ஃபிளாஷ் உள்ளே, 144 பின் பேக்கேஜும் உண்டு. டாங் நானோ 9கே போர்டு வாங்கினால் அதன் சகோதரச் சிப்பில் இன்றைக்கே புரோகிராமைச் சோதித்துவிடலாம், யோசிஸும் அபிக்யூலாவும் வைத்துத் திறந்த மென்பொருளிலேயே கம்பைல் ஆகிறது. திறந்த கருவி என்றால் பத்து வருடம் கழித்து லைசென்ஸ் சர்வர் இல்லையே என்று தவிக்க வேண்டாம், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

பழைய_சிலிக்கான்:

கருவி பற்றிச் சொன்னது உண்மை, அதை நானும் ஆதரிக்கிறேன். கோவினைக் கற்றுக்கொள்ளவும் குறுகிய கால உற்பத்திக்கும் தயங்காமல் சொல்வேன். ஆனால் இவர் கார்டு இன்னும் பதினைந்து வருடம் ஓட வேண்டும், நம் ஊரில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் இண்டஸ்ட்ரியல் கிரேடில் வருடா வருடம் கிடைக்குமா என்பதை அவர் எழுத்தில் வாங்க வேண்டும். அது வந்தால் எடுக்கலாம்.

கம்பெனிகள் கை மாறுவதையும் பாருங்கள். ஆல்ட்டெராவை 2015ல் இன்டெல் வாங்கியது, 2025ல் 51 சதவீதத்தை சில்வர் லேக்குக்கு விற்றது. ஸைலிங்ஸ் 2022ல் ஏஎம்டியிடம் போனது. ஆக்டெல் மைக்ரோசெமியிடம் போய், அது 2018ல் மைக்ரோசிப்பிடம் போனது. லாட்டிஸை வாங்க நடந்த முயற்சியை 2017ல் அமெரிக்க அதிபரே தடுத்தார், அது இன்னும் தனியாக நிற்கிறது. பெரிய கம்பெனிக்கு டேட்டா சென்டர் சிப்தான் கண்ணில் தெரியும், நம் மாதிரி வருடத்துக்குச் சில நூறு சின்னச் சிப் வாங்குகிறவர்கள் பட்டியலின் அடியில் இருப்போம். லாட்டிஸுக்குச் சின்னச் சிப்தான் பிழைப்பு, அதனால் அவர்கள் இதை எளிதில் கைவிட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

திருப்பூர்_சர்வீஸ்:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. 5 வோல்ட்டை என்ன செய்யப் போகிறார்? 9500எக்ஸ்எல் 5 வோல்ட் சிக்னலைத் தாங்கியது, இவை தாங்காதே.

பின்_கணக்கு:

தாங்காது, நேராகக் கொடுத்தால் பின் போய்விடும். முகவரியும் ஸ்ட்ரோபும் உள்ளே மட்டும் வருபவை, 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 போதும், அதன் இன்புட் 5.5 வரை தாங்கும். டேட்டாவுக்கு, எதிரே இருப்பது என்ன சிப் என்று பாருங்கள். டிடிஎல் வகை என்றால் 2.0 வோல்ட்டை ஹை என்று ஏற்கும், 3.3 தாராளம். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி என்றால் 3.5 கேட்கும், அப்போது சில கார்டு ஓடும், சில கார்டு ஓடாது. சந்தேகமே வேண்டாம், இரண்டு சப்ளை உள்ள 74எல்விசி8டி245 போடுங்கள், ஒரு பக்கம் 3.3, மறு பக்கம் 5. ஒரு சப்ளை இல்லாவிட்டால் அது தானாகவே இரண்டு பக்கத்தையும் விட்டுவிடும், பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்காது. என்கோடர் பக்கத்தில் 3.3 வோல்ட் ரிசீவரான ஏஎம்26எல்வி32 போட்டால் அங்கே லெவல் பிரச்சினையே வராது.

வெப்பநிலைக்கு ஐ என்று முடியும் இண்டஸ்ட்ரியல் கிரேடு, ஜங்ஷன் மைனஸ் 40லிருந்து பிளஸ் 100 டிகிரி. இந்தச் சிப் எடுக்கும் பவருக்கு ஜங்ஷன் சுற்றுச்சூழலைவிடச் சில டிகிரிதான் ஏறும், கணக்குப்படி கமர்ஷியலே தாங்கிவிடும். ஆனால் பேனல் ஃபேனில் பஞ்சு அடைத்துக்கொண்டால் உள்ளே எவ்வளவு சூடு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விலை வித்தியாசமும் பெரிதில்லை.

கோவை_மோஷன்:

முடிவு எடுத்துவிட்டேன். மாக் எக்ஸ்ஓ2-2000எச்சி, 144 பின், இண்டஸ்ட்ரியல் கிரேடு, ஒரே 3.3 வோல்ட் சப்ளை. மேக்ஸ் 10ம் ஒரே சப்ளையில் ஓடும், டூலுக்கு லைசென்ஸ் ஃபைலும் கேட்காது, அதனால் அது இரண்டாவது. அவுட்புட்டுக்கு 541 பஃபரும் 1 கிலோ ஓமும். வேகத்தை எட்ஜுக்கு எட்ஜ் நேரம் பார்த்து அளக்க வேண்டியிருப்பதால் உள் ஆஸிலேட்டரை விட்டுவிட்டு வெளியே 50 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் வைக்கிறேன், உள்ளே இருப்பது 5 சதவீதத்துக்கு மேலும் தள்ளிப்போகலாம். லாட்டிஸின் டூலான டைமண்டின் லைசென்ஸ் நெட்வொர்க் கார்டு முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், அந்த முகவரியோடு ஒரு வர்ச்சுவல் மெஷினில் டூலையும் புராஜெக்டையும் சேர்த்துப் பூட்டி வைக்கப் போகிறேன். வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

பழைய_சிலிக்கான்:

ஜேடேக் கனெக்டரைக் கார்டு கேபினெட்டில் இருக்கும்போதே கை எட்டும் ஓரத்தில் வையுங்கள், டிசிகே (ஜேடேக் கிளாக்) கோட்டில் 4.7 கிலோ ஓம் புல் டவுன் போடுங்கள். முதல் கார்டு வந்ததும் புரோகிராம் செய்யாத வெறும் சிப்போடு 24 வோல்ட்டைக் கொடுத்து, 3.3ஐ மெதுவாக ஏற்றியும் சட்டென்று ஏற்றியும் பதினாறு அவுட்புட்டையும் ஸ்கோப்பில் பாருங்கள். பிறகு கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜேடேக் வழியாகச் சிப்பை அழித்து இன்னொரு முறை. இந்த இரண்டிலும் ஒரு கோடுகூட அசையாவிட்டால் போர்டை ஆர்டர் கொடுக்கலாம்.

கோவை_மோஷன்:

அழித்துப் பார்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, டெஸ்ட் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஸ்கீமாட்டிக்கில் பவர், பஃபர், ஜேடேக் உள்ள பக்கங்களை இந்த வாரக் கடைசியில் இங்கே போடுகிறேன், லாஜிக்_கலை மேடம் பின் பட்டியலை 7000 சிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் உதவியாக இருக்கும்.

லாஜிக்_கலை:

போடுங்கள், பார்க்கிறேன். கிளாக்கை பிரைமரி கிளாக் பின்னிலேயே கொண்டுவந்திருக்கிறீர்களா என்று மட்டும் அதற்கு முன்னால் சரிபார்த்துவிடுங்கள்.